யுத்தச் செய்தியைச் சுளகிலிட்டுப் புடைப்போம்

 

எங்கேயோ இரண்டு அண்டை நாடுகள் மோதிக்கொள்கின்றன. மூன்றாம் நாளே நம் அடுப்பங்கரைவரை ஒரு கேள்வி வந்து சேர்ந்துவிடுகிறது: “யுத்தம் எப்படிப் போகிறது? யார் வெல்கிறார்கள்?” வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் ஒரு செய்தி சொல்கிறார். பள்ளிவாசலில் கேட்டதாக மகன் வேறொன்று சொல்கிறான். சாச்சியின் கைத்தொலைபேசியில் மூன்றாவதாக ஒன்று வந்து கிடக்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் மூன்றையும் நாம் நம்புகிறோம். மூன்றையும் அடுத்த வீட்டுக்குச் சொல்கிறோம்!

“இது ஆண்கள் பேசுகிற விஷயம், நமக்கு எதற்கு?” என்று சில சகோதரிகள் எண்ணக்கூடும். அப்படி ஒதுங்கிவிட இயலாது. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்தில் பஜாரிலும் சரி, தோட்டத்து லயங்களிலும் சரி, ஒரு மகளோ மருமகனோ தம்பியோ வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் பல. யுத்தச் செய்தி முதலில் சுடுவது அந்த வீட்டுத் தாயையும் மனைவியையும்தான். ஆகவே அரிசியைப் புடைப்பதுபோல யுத்தச் செய்தியையும் புடைத்தெடுக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதர் எது, கல் எது, மணி எது என்று பிரிக்கப் பழகவேண்டும்.

இதைக் கற்பிக்க நம் காலத்திலேயே நடந்து முடிந்த ஒரு யுத்தம் இருக்கிறது. அண்டை நாடுகளான ஈராக்கும் ஈரானும் 1980 முதல் 1988 வரை எட்டு ஆண்டுகள் நடத்திய யுத்தம் அது. இரண்டும் முஸ்லிம் நாடுகள். இரண்டும் நம் தேயிலையை வாங்கிக் குடித்த நாடுகள். அந்த எட்டு ஆண்டுகளிலும் உலகம் “யார் வெல்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது, கேட்கக் கேட்க விடை மாறிக்கொண்டே இருந்தது.

எட்டு ஆண்டுகள், நான்கு விடைகள்

ஷத்துல் அரப் என்ற ஆறு இரு நாடுகளுக்கும் நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் ஆழமான நீரோட்டத்தின் நடுவே எல்லை என்று 1975 இல் அல்ஜியர்ஸ் நகரில் இரு நாடுகளும் உடன்பட்டிருந்தன. 1980 செப்டெம்பர் 17 ஆம் திகதி அந்த உடன்படிக்கையைக் கைவிட்டதாக ஈராக் ஜனாதிபதி சதாம் ஹுசைன் அறிவித்தார். ஆறு முழுவதும் தமக்கே என்றார். ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 22 இல், ஈராக்கியப் படை எல்லையைத் தாண்டியது.

அந்த ஆண்டு முடிவில் வானொலி கேட்டவர் எவரும் “ஈராக் வென்றுவிட்டது” என்றே சொல்லியிருப்பார். ஈரானின் துறைமுக நகரான குர்ரம்ஷஹர் வீழ்ந்திருந்தது. அங்கே சிந்திய இரத்தத்தால் ஈரானியர் அதை ‘இரத்த நகரம்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தனர்.

அடுத்த விடை 1982 இல் வந்தது. மே 24 இல் ஈரான் குர்ரம்ஷஹரை மீட்டது. ஈராக்கியப் படை எல்லைக்குத் திரும்பிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. ஜூலை மாதத்தில் ஈரானியப் படை பஸ்ராவை நோக்கி ஈராக்குக்குள் நுழைந்தது. “இனி ஈரான்தான்” என்றார்கள். 1986 பெப்ரவரியில் ஃபாவ் தீபகற்பத்தையும் ஈரான் பிடித்தபோது அந்தப் பேச்சு உறுதிப்பட்டதுபோல் தோன்றியது.

மூன்றாவது விடை 1988 ஏப்ரலில் வந்தது. ஃபாவை ஈராக் ஏறத்தாழ இரண்டே நாளில் திரும்பப் பிடித்தது. இப்போது மறுபடியும் “ஈராக்” என்றார்கள்.

நான்காவது விடைதான் மெய்யான விடை. 1988 ஓகஸ்ட் 20 இல் யுத்தநிறுத்தம் வந்தபோது எல்லை ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. அதோடு முடியவில்லை. 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, குவைத்தைப் பிடித்து உலகையே பகைத்துக்கொண்டிருந்த சதாம் ஹுசைன், ஈரானுடனான பகையையாவது தீர்த்துக்கொள்ள எண்ணி, தாம் கைவிட்ட அதே 1975 ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீண்டும் ஏற்றுக்கொண்டார். எந்த ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு யுத்தம் தொடங்கியதோ, அதே ஒப்பந்தத்துக்குத் திரும்பி வந்தார்கள். இடையில் இரு பக்கமும் மாண்டவர் பல இலட்சம்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். 1980 இல், 1982 இல், 1986 இல், 1988 இல் “இவர் வென்றுவிட்டார்” என்று சொன்ன ஒவ்வொருவரும் அந்த வாரத்துச் செய்தியை வைத்துச் சொன்னார்கள். செய்தி உண்மைதான். நகரம் வீழ்ந்ததும் உண்மை, மீண்டதும் உண்மை. ஆனால் ஒரு வாரத்து உண்மையை எட்டு ஆண்டுகளின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

புனிதப் பெயர்களுக்குப் பின்னால்

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சதாம் இந்த யுத்தத்துக்கு ஆதிகால இஸ்லாமிய வெற்றி ஒன்றின் பெயரைச் சூட்டி ‘சதாமின் காதிஸிய்யா’ என்றார். ஈரான் அதைப் ‘புனிதப் பாதுகாப்பு’ என்றது. 1982 ஜூலையில் ஈரான் பஸ்ரா மீது தொடுத்த தாக்குதலின் பெயர் ‘ரமழான்’. 1988 ஏப்ரலில் ஈராக் ஃபாவ் மீது தொடுத்த தாக்குதலின் பெயர் ‘ரமழான் முபாரக்’. நோன்பின் மாதம் இரு பக்கத்திலும் பீரங்கிக்குப் பெயராயிற்று!

ஆகவே ஒரு யுத்தத்துக்குச் சூட்டிய பெயரைக் கேட்டு மனம் உருகி, “இவர் பக்கம்தான் தீன்” என்று முடிவு செய்யாதீர்கள். “இது ஷியா–ஸுன்னிச் சண்டை” என்று சுருக்கிச் சொல்வோரும் உண்டு. அதுவும் பொருந்தாது. ஈராக்கியப் படையில் துப்பாக்கி ஏந்தி நின்ற சிப்பாய்களில் பெரும்பகுதியினர் ஷியாக்களே. ஈரானின் குஸிஸ்தான் மாகாணத்து அரபு மக்கள் தமக்காகக் கிளர்ந்தெழுவார்கள் என்று சதாம் எதிர்பார்த்தார், பெரும்பாலோர் எழவில்லை. மொழியும் மத்ஹபும் வைத்து யுத்தத்தைக் கணித்தவர்களுக்கு அந்தக் கணக்கும் தவறிற்று.

ஐந்து கேள்விகள்

அப்படியானால் நடந்துகொண்டிருக்கும் ஒரு யுத்தத்தை எதைக் கொண்டு அளப்பது? வீட்டிலிருந்தே கேட்டுப் பார்க்கக்கூடிய ஐந்து கேள்விகளைச் சொல்கிறோம்.

முதலாவது: இதைச் சொல்வது யார்? யுத்தம் செய்யும் அரசு தன் இழப்பைக் குறைத்தும் எதிரியின் இழப்பைக் கூட்டியும் சொல்லும். இது எல்லா நாட்டுக்கும் பொது. 2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டு அழிந்ததாக இந்தியத் தொலைக்காட்சிகள் சில முழங்கின. துறைமுகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபுறம் கணினி விளையாட்டில் வரும் காட்சிகள், விமானம் வீழ்த்தப்படும் உண்மைக் காட்சிகள் என்று கைக்குக் கை பரவின. ஒரு தரப்பு தனக்குப் பாதகமானதைத் தானே ஒப்புக்கொண்டால் அதற்கு எடை அதிகம். தனக்குச் சாதகமானதைச் சொன்னால், மற்றத் தரப்போ மூன்றாமவரோ அதை உறுதிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது: முதல் நாள் என்ன வேண்டுமென்று இறங்கினார்கள், இன்று எங்கே நிற்கிறார்கள்? வெற்றி என்பது எதிரியின் வீட்டை இடிப்பதல்ல, கேட்டதைப் பெறுவது. ஈராக் ஆற்றைக் கேட்டு இறங்கியது, ஆறு கிடைக்கவில்லை. 1982 க்குப் பிறகு ஈரான் சதாமின் ஆட்சி விழவேண்டும் என்று நின்றது. 1988 இலும் சதாம் ஆட்சியில்தான் இருந்தார். இந்த அளவுகோலில் இருவரும் தோற்றார்கள்.

மூன்றாவது: பிடித்த இடத்தை வைத்திருக்க முடிகிறதா? 2022 பெப்ரவரி 24 இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தபோது, தலைநகர் கீவ் சில நாளில் விழுந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். விழவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் கெர்சோன் நகரம் ரஷ்யாவின் கைக்குப் போனது. நவம்பரில் ரஷ்யப் படை அங்கிருந்து வெளியேறியது. அதைக் கண்டு “ரஷ்யா முடிந்தது” என்றார்கள். அதுவும் நடக்கவில்லை, 2023 மே மாதத்தில் பல மாதச் சண்டைக்குப் பின் பக்மூத் நகரின் இடிபாடுகளை ரஷ்யா பிடித்தது. பிடித்த இடத்தின் பெயரைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல், ஆறு மாதம் கழித்து அந்த இடம் யார் கையில் என்று கேளுங்கள்.

நான்காவது: யாருடைய பணத்தில் நடக்கிறது? யுத்தம் கடனில் ஓடும். ஈரானுடனான யுத்தத்தில் ஈராக்குக்கு வளைகுடா அரபு நாடுகள் கடன் கொடுத்தன. குவைத்துக்கு மட்டும் ஏறத்தாழ 14 பில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்ததாகச் சொல்லப்படுகிறது. யுத்தம் நின்றதும் கடன் நின்றது, கேள்வியாக. அந்தக் கடனும் எண்ணெய்த் தகராறும் சேர்ந்து, 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக்கியத் தாங்கிகளைக் குவைத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தின. ஒரு யுத்தத்தின் கடன் அடுத்த யுத்தத்தின் விதையாயிற்று. குவைத்தில் விளைத்த சேதத்துக்காக ஐக்கிய நாடுகள் சபை மூலம் ஈராக் செலுத்திய நட்டஈடு மொத்தம் 52.4 பில்லியன் டொலர். கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2022 இல். யுத்தம் நடந்ததோ ஏழு மாதம். பற்றுச்சீட்டு முடிய முப்பத்தோராண்டு!

ஐந்தாவது: சமாதானம் பேசுவது யார், அதைத் தள்ளிப்போடுவது யார்? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. வெடித்த குண்டைப் பேசுகிறோம். மேசையில் கிடக்கும் கடதாசியைப் பேசுவதில்லை. ஈராக்–ஈரான் யுத்தத்தை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 598 ஆம் இலக்கத் தீர்மானத்தை 1987 ஜூலை 20 இல் நிறைவேற்றியது. ஈராக் அதை ஏற்பதாகச் சொல்லியது. ஈரான் ஏற்றது 1988 ஜூலை 18 இல். இடையில் ஏறத்தாழ ஓராண்டு. அந்த ஓராண்டில் என்ன நடந்தது தெரியுமா?

1988 இன் தொடக்கத்தில் தெஹ்ரான் மீதும் பக்தாத் மீதும் ஏவுகணைகள் விழுந்தன; குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்ப்புறங்களுக்கு ஓடின. மார்ச் 16 இல் ஈராக்கியக் குர்திஸ்தானின் ஹலப்ஜா ஊர் மீது ஈராக்கிய விமானங்கள் நச்சுவாயு வீசின. ஐயாயிரம் பேர்வரை மாண்டார்கள். அவர்கள் சொந்த நாட்டு மக்கள், அவர்களும் முஸ்லிம்கள். ஜூலை 3 இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 290 பேரும் மாண்டார்கள். இவை யாவும், நிறுத்தச் சொல்லும் தீர்மானம் கையிலிருந்தபோது நடந்தவை. கடைசியில் ஏற்றுக்கொண்டதும் அதே தீர்மானத்தைத்தான். ஒரு வருடம் முன்னதாக ஏற்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் உயிரோடிருந்திருப்பார்கள்.

இதனால்தான் சொல்கிறோம், “யார் முன்னேறுகிறார்கள்” என்பதை விட “யார் நிறுத்தத் தயார்” என்பதே யுத்தத்தின் போக்கை அறிய நல்ல அடையாளம். இன்று மறுக்கப்படும் நிபந்தனைகளே பெரும்பாலும் நாளை கையெழுத்தாகின்றன. நடுவில் போவது உயிர் மட்டுமே.

நம் ஊருக்கு வந்து சேரும் விதம்

யுத்தம் எங்கே நடந்தாலும் அதன் ஒரு நூல் நம் மலைவரை நீள்கிறது. அந்த நூலையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். ஈராக்கும் ஈரானும் நெடுங்காலமாக இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்கள். குவைத் ஆக்கிரமிக்கப்பட்ட நான்காம் நாள், 1990 ஓகஸ்ட் 6 இல், ஐ.நா. பாதுகாப்புச் சபை ஈராக்குடனான வணிகத்தைத் தடை செய்தது. பின்னாளில் எண்ணெய்க்கு உணவு என்ற திட்டம் வந்தபோது ஈராக்கியக் குடும்பங்களுக்குப் பங்கீட்டு அட்டையில் கிடைத்த பொருட்களுள் தேயிலையும் ஒன்று. ஈரானுக்கு நாம் பழைய எரிபொருள் கடனாக 251 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. வங்கி வழியே அனுப்பத் தடை இருந்ததால், மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாக அதைத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடானது. கொழுந்து கிள்ளும் விரலுக்கும் தெஹ்ரானின் எண்ணெய்க்கும் இப்படி ஒரு முடிச்சு!

ஆனால் இதை வைத்து, “அங்கே சண்டை வந்தால் நாளைக்கே நம் தோட்டத்தில் பெயர் வெட்டிவிடுவார்கள்” என்று பயமுறுத்துவோரை நம்பிவிடாதீர்கள். மத்திய கிழக்கு விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. நம் மலைத்தேயிலையின் சந்தை வேறு. பாதிப்பு வரும், ஆனால் சுற்றிக்கொண்டு, கொழும்பு ஏலத்தின் வழியாக, மெல்ல வரும்.

கோதுமை மாவையும் பாருங்கள். தோட்டத்துக் குடும்பத்தின் காலைச் சாப்பாடு ரொட்டி. 2022 இல் மா விலை தாங்க முடியாமல் ஏறியபோது காரணம் கேட்டவர்களுக்கு “உக்ரேன் யுத்தம்” என்று ஒரே வார்த்தையில் பதில் கிடைத்தது. அது பாதி உண்மை. உலகச் சந்தைக்கு வரும் கோதுமையில் கால்பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரேனும் தந்துவந்தன. யுத்தம் அதைத் தடுத்தது. மறுபாதி நம் வீட்டுக் கதை. அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாகியது. ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. அதேபோல, தேயிலை விளைச்சல் 2021 இல் 299 மில்லியன் கிலோவாக இருந்து 2022 இல் 251 மில்லியனாக விழுந்ததற்கு உக்ரேன் மட்டும் காரணமல்ல. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்ததன் விளைவு அதில் பெரிது. உள்ளூர்த் தவறுகளுக்கெல்லாம் வெளிநாட்டு யுத்தத்தைச் சாட்டுவது எளிது. நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

நம்மவர் உயிரே போன கதையும் உண்டு. ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர் என்றும், அவர்களில் 59 பேர் மாண்டது உறுதியாகியிருக்கிறது என்றும் 2025 பெப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். நல்ல சம்பளம், பாதுகாப்பான வேலை என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிச் செல்லப்பட்டவர்கள் அவர்களில் பலர். எந்த நாடு வெல்கிறது என்ற விவாதத்தில் அந்த 59 வீடுகளுக்கு இனி என்ன பொருள்?

ஒரு வதந்தியின் விலை

1990 இல் குவைத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். எங்கள் பஜாரிலிருந்து போன ஒரு சகோதரியும் அங்கே இருந்தாள். தொலைபேசி கிடையாது, கடிதம் நின்றுவிட்டது. வானொலியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தையும் பி.பி.சி. தமிழோசையையும் மாறி மாறித் திருப்புவதுதான் வழி. மழை பிடித்துவிட்டால் அதுவும் கரகரக்கும். வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஒருநாள் ஹட்டனுக்குப் போய் வந்த யாரோ, “அவள் வேலை செய்த வீட்டின் மேல் குண்டு விழுந்ததாம்” என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது, யாரிடம் கேட்டது என்று எவரும் விசாரிக்கவில்லை. மாலைக்குள் அது “மௌத்தாகிவிட்டாளாம்” என்று மாறிவிட்டது. வீட்டில் கத்தம் ஓதினார்கள். நான்கு வயது மகனை மடியில் வைத்து, “உம்மா அல்லாஹ்விடம் போய்விட்டார்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து ஜோர்தானின் பாலைவன முகாமிலிருந்து அவள் கைப்படக் கடிதம் வந்தது. பின்பு அவளே வந்தாள். பிள்ளை அவளைக் கண்டு அலறிக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. மௌத்தானவர் எப்படி வருவார்? அந்தப் பயம் தெளிய ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

அந்த உம்மாவுக்குக் குவைத் யுத்தத்தில் ஒரு காயமும் படவில்லை. காயப்படுத்தியது நம் ஊர் நாக்கு.

ஈரானிலும் ஈராக்கிலும் இந்தக் கதை ஆயிரக்கணக்கில் நடந்தது. 1990 ஓகஸ்ட் 17 இல் கைதிகள் பெருந்தொகையாக விடுதலையாகத் தொடங்கியபோது, இறந்தவராகக் கருதப்பட்ட சிலரும் பேருந்திலிருந்து இறங்கினார்கள். கடைசிக் கைதிகள் வீடு திரும்பியது 2003 இல்தான். யுத்தநிறுத்தம் வந்து பதினைந்து ஆண்டு காத்திருந்த தாய்மார்களுக்கு யுத்தம் முடிந்தது 1988 இல் அல்ல, 2003 இல்.

இங்கே சகோதரிகள் அறியவேண்டிய ஒரு மார்க்க விஷயமும் இருக்கிறது. கணவர் யுத்த நாட்டில் மௌத்தானார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பெண் இத்தாவில் அமர்ந்துவிடுவது, அவசரத்தில் மறுமணப் பேச்சு எடுப்பது, சொத்தைப் பிரிப்பது எல்லாம் பெரும் குழப்பத்தில் முடியும். உறுதியான தகவல் வரும்வரை பொறுத்திருப்பதால் அவளுக்கு நட்டமில்லை. ஏனெனில் நான்கு மாதம் பத்து நாள் என்ற இத்தா, செய்தி கிடைத்த நாளிலிருந்தல்ல, மரணம் நிகழ்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. நம் ஷாஃபிஈ மத்ஹபும் அப்படியே சொல்கிறது. ஆகவே எழுத்து மூலமான உறுதி கிடைத்தபின், உங்கள் ஊர் ஆலிமிடமும் காதியாரிடமும் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

உங்கள் உறவினர் வெளிநாட்டில் இருந்தால், யுத்தம் வரும்வரை காத்திராமல் இன்றே சில தகவல்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: கடவுச்சீட்டு இலக்கம், வேலை வழங்குபவரின் முழுப்பெயர், வீடு இருக்கும் நகரமும் வீதியும், அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கம். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். 1990 இல் பல குடும்பங்களால் தம் பிள்ளை எந்த நகரத்தில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்ல இயலவில்லை.

கவலை வந்தால் முதலில் கேட்க வேண்டிய இடம் கடைத்திண்ணை அல்ல. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அதன் அவசர இலக்கம் 1989. தொடர்பு அறுந்துபோனவர்களைத் தேடித்தரும் பணியைச் செஞ்சிலுவைச் சங்கமும் செய்கிறது.

குரல் பதிவாகவோ படமாகவோ ஒரு செய்தி கைக்கு வந்தால் மூன்றைப் பாருங்கள்: எந்தத் திகதி, எந்த இடம், பார்த்தவர் யார்? மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அது உங்கள் கையோடு நிற்கட்டும். மையித்துகளின் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதிலிருப்பவரும் ஒரு தாயின் பிள்ளை. அவருக்கும் கண்ணியம் உண்டு. சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் யுத்தக் காட்சிகளை ஓடவிடாதீர்கள். பிள்ளை கேட்டால், “அங்கே மக்கள் துன்பப்படுகிறார்கள், நாம் துஆச் செய்வோம்” என்று சொன்னால் போதும். வெற்றி தோல்விக் கணக்கைக் கிரிக்கெட் ஓட்டக் கணக்குப்போல் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள்.

அல்குர்ஆனின் 49 ஆவது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத்தை மொழிபெயர்ப்புடன் ஒருமுறை ஆறுதலாக ஓதிப் பாருங்கள். அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதபடி, கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஆறாவது வசனம் பணிக்கிறது. விசுவாசிகளில் இரு கூட்டத்தார் சண்டையிட்டுக்கொண்டால் நீதியோடு சமாதானம் செய்துவைக்குமாறு ஒன்பதாவதும் பத்தாவதும் பணிக்கின்றன. வரிசையைக் கவனியுங்கள். செய்தியை விசாரிப்பது முன்னே, சமாதானம் பின்னே. விசாரிக்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவரால் எப்படி நடுவில் நின்று சமாதானம் பேசமுடியும்? கேட்டதையெல்லாம் பரப்புவதைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையும் நாம் அறிந்ததே.

அநியாயம் செய்தவரை அநியாயக்காரர் என்று சொல்ல வேண்டாமா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். யார் முதலில் எல்லையைத் தாண்டினார், யார் நச்சுவாயு வீசினார், யார் சமாதானத்தை மறுத்தார் என்பவை நிறுவப்பட்ட உண்மைகளானபின் தயங்காமல் சொல்வது நீதி. உண்மை தெரியுமுன் சொல்வதுதான் தீங்கு. சுளகு எதற்கு இருக்கிறது? மணியையும் சேர்த்துக் கொட்டிவிடுவதற்கல்ல.

ஆகவே சகோதரிகளே, இனி உங்கள் வீட்டில் “யார் வெல்கிறார்கள்?” என்று யாராவது கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: “நிறுத்தச் சொல்லி யார் பேசுகிறார்கள்? யார் ஏற்கவில்லை? கைதிகள் எப்போது வீடு திரும்புவார்கள்? ஓடிப்போனவர்கள் எப்போது தம் அடுப்பை மறுபடி பற்றவைப்பார்கள்?” இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் நாளில்தான் ஒரு யுத்தம் எங்கே போய் முடிந்தது என்று நாம் அறிவோம். அதுவரை நம் நாவைக் காப்போம். நம் பிள்ளைகளைக் காப்போம். எந்த நாட்டு எல்லையிலும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்மாருக்காக ஐவேளையும் கையேந்துவோம்.

வல்ல அல்லாஹ் எல்லா நாட்டு மக்களுக்கும் அமைதியைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.